கிணற்றில் சரிபாதிப் பங்கு

மன்னார்த் தீவில் காணி விற்றுக் கொடுப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து செய்து பார்க்கட்டும். கொழும்பிலிருந்து வருகிறவருக்குக் கடல் தெரிய வேண்டும், ஆனால் கடற்காற்று அடிக்கக் கூடாது. கனடாவிலிருந்து வருகிறவருக்குப் பக்கத்தில் கோயில் வேண்டும், ஆனால் மணிச் சத்தம் கேட்கக் கூடாது. காணிக்குள் படுத்திருக்கும் கழுதைகளும் விலையில் சேர்த்தியோ என்று கேட்டவரும் உண்டு. எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லி, வெயிலில் நின்று எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, பழைய உறுதிப் பத்திரத்தைத் தூசு தட்டி விரித்துக் காட்டி முடித்தால், கடைசியில் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணி எப்பிடி?"

அந்தக் கேள்வியில்தான் என் தொழில் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தீவில் தோண்டினால் தண்ணீர் வரும், அதில் குறையில்லை. ஆனால் வருகிற தண்ணீரில் பாதிக்கு மேல் உப்பு. குழாய்த் தண்ணீர் வருகிற இடத்தில், வருகிற நேரத்தில் வரும். அதனால் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள காணி ஒரு விலை, உப்புக் கிணறு உள்ள காணி வேறொரு விலை. இந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் புரோக்கர் பத்திநாதனாகிய நான் பதினேழு வருடம் குடும்பம் நடத்தினேன்.

எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

நான் இருப்பது தாழ்வுபாட்டு வீதியில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில், என் மனைவி மாக்கிறட்டின் சீதன வீட்டில். வீடும் வளவும் முப்பது பேர்ச், ஏக்கரில் ஐந்திலொரு பங்குகூட வராது. உறுதி அவள் பேரில். ஊராருக்கு ஏக்கர் கணக்கில் காணி வாங்கிக் கொடுத்த எனக்கு என் பேரில் ஒரு சாண் மண்ணும் கிடையாது. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமலே எனக்கு ஞாபகம் இருக்கும்படி நடந்துகொள்வாள். அந்த வளவின் பின்பக்கம் ஒரு கிணறு. கச்சான் காற்று கூரையைப் பிய்க்கிற காலத்திலும், வெயில் மண்ணைச் சுடுகிற காலத்திலும் அதன் தண்ணீர் ஒரே மாதிரி இனிக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். காணி காட்டப் போகிற நாளில் இரண்டு பிளாஸ்டிக் கலன்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி என் ஓட்டோவின் பின்பக்கம் வைப்பேன். வாங்குகிறவர் வருவதற்கு அரை மணித்தியாலம் முந்திப் போய், அந்தக் காணிக் கிணற்றடியில் நிற்கிற வாளிக்குள் அதை ஊற்றி வைப்பேன். அவர் வந்ததும், "இப்பதான் அள்ளினனான், குடிச்சுப் பாருங்கோ" என்பேன். குடிப்பார். முகம் மலரும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை. அள்ளினேன் என்றுதான் சொன்னேன். எங்கே அள்ளினாய் என்று அவர் கேட்கவில்லையே. பிறகு யாராவது திரும்பி வந்து தண்ணீர் உப்பு என்று முறையிட்டால், "இது கச்சான் காலமெல்லோ, கடல் ஏறும். மழை விழுந்தா இறங்கிடும்" என்பேன். மழை விழுந்த பிறகும் வந்தால், "ஒரு மழை காணாது, இன்னும் விழோணும்" என்பேன்.

மாக்கிறட்டுக்கு இது எதுவும் தெரியாது. கலன்கள் எங்கே போகின்றன என்று முதல் வருடமே கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோயிலுக்கு. தீர்த்தம் மந்திரிக்க நல்ல தண்ணி வேணுமெண்டு சுவாமி கேட்டவர்."

அந்தப் பொய் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்துவிட்டது. அன்றிலிருந்து கலன்களைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைப்பது அவள் வேலையாயிற்று. ஞாயிறு பூசைக்குப் போனால், வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் விரல் நனைக்கிற பெண்களிடம், "எங்கட கிணத்துத் தண்ணி" என்று மெல்லச் சொல்வாள். மாதர் சங்கத்தில் அவளுக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்ததே அதனால்தான். பங்குச் சுவாமிமார் மாறி மாறி வந்தார்கள். தண்ணீருக்கு நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. நன்றியை எதிர்பார்ப்பது பாவம் என்று அவளும் கேட்கவில்லை. பதினேழு வருடமாக என் மனைவி யாரோ ஊற்றிய குழாய்த் தண்ணீரைத் தொட்டு, தன் சீதனம் என்று நினைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்குள்தான் பாலசிங்கம் அண்ணை வந்தார்.

அவர் தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். முப்பத்துநாலு வருடம் அகதி முகாமில் இருந்து, வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துக் காசு சேர்த்து, போன வருடம்தான் திரும்பி வந்தார். உயிலங்குளத்தில் தமையன் வீட்டில் தங்கியிருந்தார். கூடவே ஒரே மகள் யதுர்சிகா. முகாமில் பிறந்து வளர்ந்தவள், இப்போது மன்னார் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தகப்பன் எங்கள் தமிழ் பேசினார், மகள் அந்தக் கரைத் தமிழ் பேசினாள்.

"உயிலங்குளத்தில குளமிருக்கு, வயலிருக்கு, எல்லாம் இருக்கு" என்றார் முதல் நாள் என் ஓட்டோவில் ஏறும்போது. "கடல் இல்லை. நான் கரையில பிறந்தவன். எனக்கு நித்திரை வரேல்லை, தம்பி."

"கடலோட காணி எத்தினையோ இருக்கு, அண்ணை. வேற என்ன வேணும்?"

"மதில் வேண்டாம். மரம் வேண்டாம். றோட்டும் வேண்டாம். கிணறு நல்லதா இருக்கோணும்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், யாரும் கேட்காமலே சொன்னார்:

"முகாமில ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் லொறியில தண்ணி வரும். என்ர மனிசி முப்பது வருஷம் குடத்தோட வரிசையில நிண்டவ. கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க நகை கேக்கேல்லை, சீலை கேக்கேல்லை. ஊருக்குப் போனா எங்களுக்கெண்டு ஒரு கிணறு வேணும், வரிசையில நிக்காமல் அள்ளோணும் எண்டு சொன்னவ. அவ வரக் கிடைக்கேல்லை. கிணறாவது வரட்டும்."

எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. துக்கப்பட்டுக்கொண்டே மீராசாஹிபு நானாவின் காணியை நினைத்தேன்.

அந்தக் காணி தாராபுரத்துக்கு அங்கால், கடலுக்குக் கிட்ட, பத்துப் பேர்ச். பார்க்க வடிவான இடம். கிணற்று நீர் மட்டும் வாயில் வைக்க ஏலாது. மூன்று வருடமாக அது விலைப்படாததற்குக் காரணம் நீரல்ல, மீராசாஹிபு நானாவின் நேர்மை. வாங்க வருகிறவர்களிடம் தானே போய், "தண்ணி உப்பு, தெரிஞ்சுகொண்டு வாங்குங்கோ" என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட சொந்தக்காரரை வைத்துக்கொண்டு ஒரு புரோக்கர் எப்படிப் பிழைப்பது? ஆள் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பாலசிங்கம் அண்ணையைத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

வாளி தயாராக இருந்தது. அண்ணை ஒரு கிளாஸ் வாங்கி, விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தார். விழுங்கினார். இன்னொரு கிளாஸ் கேட்டார். யதுர்சிகா குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தாள். பிறகு தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நல்ல தண்ணி" என்றார் அண்ணை. "சத்தியமா நல்ல தண்ணி, தம்பி."

"அப்ப அட்வான்சைக் குடுத்து வைப்பமே? இந்தக் காணிக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கொண்டு நிக்கினம்."

"குடுப்பம். ஆனா எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. காணி பிடிச்சுத் தாறவரின்ர வீட்டில ஒரு நேரம் சாப்பிட்டிட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கிறது."

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. முகாமில் ஏற்பட்ட வழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வாங்குகிறவர்களை நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கூட்டிப் போகிறதில்லை. ஏன் என்று உங்களுக்கே விளங்கும். ஆனால் மூன்று வருடமாக விற்காத காணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கோ என்று சொல்லிவிட்டேன்.

மாக்கிறட் நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், மீன் சொதி என்று அடுக்கிவிட்டாள். அண்ணையும் மகளும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். கதிரையில் இருந்த உடனே அண்ணை கேட்டது தண்ணீர். மாக்கிறட் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார்.

"தம்பி, இது எங்கட காணிக் கிணத்துத் தண்ணியெல்லோ?"

நான் ஆடிப்போனேன். ஆனால் பதினேழு வருடத் தொழில் கைவிடவில்லை.

"ஊத்து, அண்ணை" என்றேன், மாக்கிறட் குசினிக்குள் போகும்வரை பொறுத்து. "நிலத்துக்குக் கீழால ஒரே ஊத்து. இந்த வளவில தொடங்கி நேரா மீராசாஹிபு நானாவின்ர காணியில போய் நிக்குது."

"மூண்டு கட்டை தூரமோ?"

"ஓம். இடையில எங்கயும் திரும்பேல்லை."

"பாத்தீங்களே" என்று அண்ணை தலையை ஆட்டினார். "அப்ப நாங்கள் ஒரே தண்ணி குடிக்கிற ஆக்கள்."

சாப்பிட இருந்தோம். நான் ஒரு நண்டுக் காலை வாயில் வைத்துக் கடித்த நேரம், கிணற்றடியில் கைகழுவப் போயிருந்த யதுர்சிகா உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, பின்னாடி வெள்ளைத் துணி கட்டி ரெண்டு கேன் இருக்கே, அது எதுக்கு?"

மாக்கிறட்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தானாகச் சொல்லக் கூடாது, யாராவது கேட்டால் சொல்லலாம் என்பது அவள் கொள்கை. இதோ ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"அது கோயிலுக்குப் பிள்ளை. தீர்த்தம் மந்திரிக்க. பதினேழு வருஷமா எங்கட கிணத்துத் தண்ணிதான். இவர்தான் கொண்டுபோய்க் குடுக்கிறவர்."

"அப்படியா? அன்னைக்கு காணியில நாங்க குடிச்சதும் அந்த கேன் தண்ணிதான் ஆன்ட்டி. இதே துணி ஆட்டோவுல கிடந்துச்சு."

நண்டுக் கால் என் வாயிலேயே இருந்தது. கடிக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. மாக்கிறட் என்னைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. கோயில், கலன், காணி மூன்றையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம் பிடிக்கவில்லை.

"பிள்ளையைக் கோவிக்காதேங்கோ, தங்கச்சி" என்றார் அண்ணை, சோற்றைப் பிசைந்துகொண்டே. "எனக்கு அண்டைக்கே தெரியும். முப்பத்துநாலு வருஷம் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணி குடிச்ச நாக்கு. கிணத்தில இருந்து நேர வந்ததோ, கலனுக்குள்ள கிடந்து வந்ததோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாதோ? ஆனா அந்த பிளாஸ்டிக் மணத்துக்குக் கீழ நல்ல தண்ணி இருந்தது. அது எங்கயோ கிட்டத்தில இருந்துதானே வரோணும் எண்டு யோசிச்சன். கேட்டா இவர் சொல்லுவாரே? அதான் சாப்பிட வாறன் எண்டனான்."

"அப்ப அந்த வழக்கம்?" என்றேன், நண்டுக் காலை எடுத்துவிட்டு.

"அப்பிடி ஒரு வழக்கம் இல்லை, தம்பி."

நான் எத்தனை பேரை எத்தனை விதமாகச் சுற்றியிருக்கிறேன்! என்னை ஒருவர், என் வீட்டில், என் நண்டைச் சாப்பிட்டுக்கொண்டே சுற்றிவிட்டார். கோபத்தை விட வெட்கம்தான் அதிகம் வந்தது. மாக்கிறட் அவர்களுக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். என் சாப்பாட்டுக் கோப்பையைத் தாண்டிப் போனாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை அவளைப் பார்த்து நேராகக் கேட்டார். "தங்கச்சி, வெக்கத்தை விட்டுக் கேக்கிறன். பின்வளவில ஒரு பத்துப் பேர்ச்சும் கிணத்தில ஒரு பங்கும் எங்களுக்குத் தருவீங்களோ? விலையை நீங்களே சொல்லுங்கோ."

"அது விக்கிறதுக்கில்லை!" என்று நான் எழும்பிவிட்டேன்.

"காணி ஆரின்ர பேரில?" என்று கேட்டாள் மாக்கிறட்.

நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. "இது உன்ர அப்பா தந்த வளவு" என்றேன். "மண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருந்து என்ன காணப்போறியள் எண்டு போனில ஆர் கத்துறது?" என்றாள். "பிள்ளையளுக்கு வேணும்" என்றேன். "பிள்ளையள் வெளிநாட்டில, அதுகள் வந்து இருக்கப்போகுதுகளோ எண்டு ஆர் கேக்கிறது?" என்றாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விலை ஏறும்" என்றேன். "விலை ஏறும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவனெல்லாம் மூப்பிலதான் வித்தவன்" என்றாள். எல்லாம் என் வசனங்கள். காணி விற்க மறுக்கிற ஆட்களை மடக்க வீட்டு விறாந்தையில் நின்று போனில் நான் பேசியவை. குசினியில் நின்று அவ்வளவையும் பாடமாக்கி வைத்திருக்கிறாள்.

ஆனால் என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சட்டப்படி, மனைவி பேரில் இருக்கிற காணியை விற்பதானால் கணவனும் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். எத்தனையோ கணவன்மாரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உறுதி எழுதுகிற நொத்தாரிசின் மேசையில் நான் கையெழுத்து வைக்கப் பண்ணியிருக்கிறேன்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அது. காரணம் ஒன்றும் பெரிதில்லை, பயம்தான். கிணற்றில் பாதி அவர்களுக்குப் போனால், நாள் முழுக்கத் தகப்பனும் மகளும் கிணற்றடியில் நிற்பார்கள். அந்தப் பெட்டையின் கண்ணுக்கு முன்னால் நான் எப்படிக் கலன் நிரப்புவது? தொழில் முடிந்தது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

மாக்கிறட் சண்டை பிடிக்கவில்லை. "பதினேழு வருஷம்" என்று மட்டும் சொன்னாள். அன்று பின்னேரம் செபமாலைக்குப் போனவள் முன்வரிசைக் கதிரைக்குப் போகாமல் கடைசி வரிசை வாங்கில் இருந்தாளாம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அது எனக்கு நெஞ்சில் குத்தியது. ஆனாலும் நான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணியை வாயில் வைத்தேன். வைத்த வேகத்தில் முற்றத்தில் துப்பினேன்.

"என்ன இது?"

"உங்கட தண்ணி" என்றாள். குசினி மூலையில் இரண்டு கலன்களும் இருந்தன, வாயில் வெள்ளைத் துணியோடு. முதல் நாள் இருட்டுவதற்குள் வேறு ஓட்டோ பிடித்து, மீராசாஹிபு நானாவிடம் கேட்டு, அந்தக் காணிக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் கிணற்றுக்குப் பலகை மூடி போட்டுப் பூட்டும் தொங்கியது. திறப்பு அவள் இடுப்பில்.

குடிக்க அந்தத் தண்ணீர். தேத்தண்ணி அந்தத் தண்ணீரில். குளிக்கவும் அதுதான். சவர்க்காரம் நுரைக்கவே இல்லை, தலைமயிர் கதிரைக்குப் பின்னின வயர் மாதிரி நின்றது. "எத்தினை நாளைக்கு இது?" என்று கேட்டேன்.

"இது கச்சான் காலமெல்லோ" என்றாள் மாக்கிறட். "மழை விழுந்தா இறங்கிடும்."

மூன்றாம் நாள் எனக்கு ஒரு நல்ல தேத்தண்ணி குடிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. கடையில் குடிக்கலாம்தான், ஆனால் கடையில் இருக்கிறவர்களுக்கு அதற்குள் கதை தெரிந்திருந்தது. கடற்கரைப் பக்கமாக ஓட்டோவை விட்டேன். அங்கே ஜூலியட் ரீச்சரின் வீடு. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர், கணவன் இல்லை. நாலு வருடத்துக்கு முந்தி நான்தான் அந்தக் காணியை வாங்கிக் கொடுத்தேன். மரியாதையான மனிசி, என்னைக் கண்டால் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்.

"வாங்கோ, பத்தி அண்ணை" என்று கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஆசையோடு வாயில் வைத்தேன்.

அதே உப்பு.

ரீச்சர் முன்னால் நிற்கிறார், துப்ப முடியாது. விழுங்கினேன்.

"தேத்தண்ணி சரியில்லை, என்ன?" என்றார் ரீச்சர், குற்றம் செய்தவர் போல. "என்ன செய்யிறதண்ணை. நீங்கள் காணி காட்டின அண்டு இந்தக் கிணத்துத் தண்ணி எவ்வளவு இனிப்பு! என்ர வாயால குடிச்சனான். உறுதி எழுதிக் குடிவந்து பாத்தால் உப்பு. நீங்கள் கச்சான் எண்டு சொன்னீங்கள். நாலு மாரி வந்திட்டுது, போகேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது."

"என்ன விளங்கினது?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ர தங்கச்சியோட கோவிச்சுக்கொண்டு வாங்கின காணியெல்லோ. சீதனக் காசைப் பிரிக்கேக்க அவளோட வாய் தடிச்சு, அவளைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசிப்போட்டன். ஆண்டவர் எனக்குத் தண்ணியைக் காட்டிப்போட்டு எடுத்திட்டார். அந்தோனியாருக்கு நவநாள் வைச்சுக்கொண்டு வாறன், அண்ணை. இது ஆறாவது நவநாள். வெள்ளிக்கிழமையோட ஒன்பது நாள் முடியுது. அண்டைக்கிருந்த தண்ணி திரும்பி வரும் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறன்."

கிணற்றுக் கட்டின் மேல் அந்தோனியார் படம். அதற்கு முன்னால் உருகிக் காய்ந்த மெழுகுதிரிகள், நாலு வருடத்து மெழுகு.

நான் அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதைவிட வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லாமலே எழும்பி ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாக்கிறட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நொத்தாரிசிட்டை நாளைக்கே போவம்" என்றேன் நான்.

வியாழக்கிழமை நொத்தாரிசின் கந்தோரில் நாங்கள் இரண்டு பேரும், பாலசிங்கம் அண்ணையும், யதுர்சிகாவும் இருந்தோம். நொத்தாரிசு என் நண்பர். வழக்கமாக நான் சாட்சிப் பக்கத்தில் நிற்கிறவன், அன்று கணவன் பக்கத்தில் நிற்கிறேன் என்று கண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு உறுதியை வாசித்தார். எல்லை, அளவு எல்லாம் வாசித்துக்கொண்டு வந்து, "மேற்படி காணியும் அதன் வடபாலுள்ள கிணற்றில் சரிபாதிப் பங்கும், அதற்குப் போகவர வழி உரிமையும்" என்ற இடத்துக்கு வந்தார்.

"ஐயா" என்று அண்ணை இடைமறித்தார். "அந்த வரியை இன்னொருக்கா வாசிப்பீங்களோ?"

நொத்தாரிசு வாசித்தார்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை வாசிக்கும்போது யதுர்சிகா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணை தலையைக் குனிந்திருந்தார். அவர் யாருக்காக அந்த வரியைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கண் கரித்தது. மூன்று நாள் குடித்த உப்பின் குணமாக இருக்கும் என்று சமாளித்துக்கொண்டு, பேனையை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

திரும்பி வரும்போது மாக்கிறட் ஓட்டோவின் பின்னால் இருந்து கேட்டாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"ஓம்."

"ரீச்சர் ஒன்பதாம் நாள் மெழுகுதிரி கொளுத்த முதல் போங்கோ."

அவள் கேட்டது ரீச்சர் ஒருவரிடம் போகச் சொல்லித்தான். ஆனால் ஒருவரிடம் சொன்னால் தீவு முழுக்கச் சொன்ன மாதிரி என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி நான் நல்ல தண்ணீர் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. உப்புக் காணியை உப்புக் காணி என்று சொல்லித்தான் விற்க வேண்டும், மீராசாஹிபு நானாவைப் போல. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

நான் போனபோது ரீச்சர் குளித்துவிட்டு, நெருப்புப் பெட்டியோடு கிணற்றடியில் நின்றார். புது மெழுகுதிரி ஒன்று படத்துக்கு முன்னால் இருந்தது.

"கொளுத்தாதேங்கோ, ரீச்சர்" என்றேன். கதிரை கேட்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அண்டைக்கு நீங்கள் குடிச்சது இந்தக் கிணத்துத் தண்ணியில்லை. எங்கட வீட்டுக் கிணத்தில இருந்து நான் கலனில கொண்டுவந்து இந்த வாளிக்குள்ள ஊத்தினது. இந்தக் கிணறு அண்டைக்கும் உப்புத்தான். தோண்டின நாளில இருந்து உப்பு."

எவ்வளவு ஏச்சும் வாங்கத் தயாராக வந்திருந்தேன். ரீச்சர் ஏசவில்லை. நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்தார்.

"அப்ப..." என்றார். "அப்ப என்ர பாவத்தால இல்லையோ, அண்ணை?"

"இல்லை, ரீச்சர்."

"தங்கச்சியைப் பேசினதால இல்லையோ?"

"இல்லை. என்ர பாவத்தால."

ரீச்சர் கிணற்றுக் கட்டின் மேல் இருந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். இடையில் சிரித்தார், பிறகும் அழுதார். நாலு வருடமாக ஒவ்வொரு தேத்தண்ணியிலும் அவர் தன் பாவத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

ரீச்சர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எழும்பினார். சுற்றுமுற்றும் பார்த்து, குசினி வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றைப் போய் எடுத்தார். நான் ஓடவில்லை.